நாலு வெண்டைக்காய்

காசிமேட்டில் ஐஸ் உருகி முடிந்த
தெர்மாகோல் பெட்டி, ஒன்று பத்து ரூபாய்.
ஏழு வாங்கினேன்.
ஷேர் ஆட்டோவில் மூன்று என் மடியில்,
மீதி கூரைமேல் கயிற்றில்.
பக்கத்து ஆள் டோல்கேட் வரை
மூக்கை விடவேயில்லை.

எர்ணாவூர், வாரியக் குடியிருப்பு,
மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டை மாடி.
தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத மூலை.
மண்ணை நிரப்பி, நீர் விட்டு, வடித்து,
வடிந்ததை நாக்கில் தொட்டுப் பார்த்தேன்.
கடல்.
மறுநாளும் கடல்.
ஒன்பதாம் நாள்தான்
அது மண்ணாக ஒப்புக்கொண்டது.

தனியாவைச் செருப்பால் தேய்த்து இரண்டாக்கித் தூவினேன்.
புதினா, பிரியாணிக் கடையில் ஆய்ந்து எறிந்த காம்பு.
தக்காளியை யாரும் போடவில்லை, வந்துவிட்டது.
வெண்டைக்கு மட்டும் காசு கொடுத்தேன்,
பாக்கெட்டில் பாதி முளைக்கவில்லை.

விடிந்தால் இலைகளின்மேல் சாம்பல்.
வடக்குக் காற்றென்றால் கொஞ்சம் தடிப்பாக.
மோனிஷா கத்தரி இலையில் விரலால் பெயர் எழுதுவாள்,
'ஷா'வுக்கு இடம் போதாது.
"இத துன்னலாமாம்மா?"
கழுவிட்டுத் தின்னலாம்.
"உள்ள போயிருந்தா?"
நான் அடுத்த இலையைக் கழுவினேன்.

அவள் அப்பா கன்னியப்பனுக்கு
அனல்மின் நிலையத்தில் சாம்பல் பிரிவு, ஒப்பந்தக் கூலி.
இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது
இமை முடியிலும் அதுதான் இருக்கும்.
கீழே அவர் தலைக்கு ஊற்ற
மேலே நான் செடிக்கு ஊற்ற
ஒரே குழாயில் இறங்கும்
ஒரே நிறத் தண்ணீர்.

வெண்டை காய்த்த பிறகுதான் கணக்கு இடித்தது.
ஐந்து செடி, நாளுக்கு இரண்டு காய்.
இரண்டை வைத்து என்ன செய்வது?
ஃபிரிட்ஜில் சேர்த்தால்
ஆறாகும்போது முதல் இரண்டு கறுத்துவிடும்.
செடியிலேயே விட்டால்
முற்றிப்போய், நுனியை ஒடித்தால் ஒடியாது.
எப்படிப் பார்த்தாலும்
என் மொத்த விளைச்சல் நாலு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு ஏறி வந்தார்,
மூன்றாம் மாடிக்காரர், கையில் செல்போன்.
"இன்னாக்கா பண்ணிகினுகீற மேல? எங்கூட்ல ஒழுவுது."
படத்தில் ஃபேன் கொக்கியைச் சுற்றி ஈரம்,
சப்பாத்தி அளவு.
தள்ளிக் காட்டினார்,
அடுத்ததில் தாம்பாளம் அளவு.
நான் விதை வாங்கும் முன்பே
இந்தக் கட்டடம் ஒழுகியது என்றேன்.
"இப்ப ஜாஸ்தியா ஒழுவுது" என்றார்.
இரண்டும் உண்மை.

கைப்பிடிச் சுவரோரம், பீம்மேல் நகர்த்தலாம் என்று முடிவானது.
ஒரு முனை அவர், ஒரு முனை நான்.
வெண்டைப் பெட்டி நடுவில் பிளந்தது.
மண் அவர் கால்மேல்.
வேர்கள் அத்தனை வெள்ளையாக இருக்குமென்று
நானும் அப்போதுதான் பார்த்தேன்.
பாதிப் பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.
"எத்தினி நாளு செடிக்கா இது?"
அறுபத்திரண்டு.
வேறு ஒன்றும் பேசாமல்
முட்டி போட்டு மண்ணை அள்ளினார்.
நிமிர்ந்தது மூன்று செடிதான்.

சாயங்காலம் என் வாசலில் ஒரு பெயின்ட் பக்கெட்,
இருபது லிட்டர், உள்ளே இன்னும் வெள்ளை காயவில்லை.
ஈரத்தை மறைக்க அவர் கூரைக்கு அடித்த பெயின்ட்.
அடியில் ஓட்டை இல்லை.
மறதியா, நிபந்தனையா, கேட்கவில்லை.
ஆணியை இடுக்கியில் பிடித்து
கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி
ஐந்து ஓட்டை போட்டேன்,
அடியில் வைக்க ஒரு பழைய தட்டும் எடுத்தேன்.

பிளாஸ்டிக் கருகிய வாசனை போகும்முன்
அதே அடுப்பில் கருவாட்டுக் குழம்பு.
சாய்ந்த செடிகளில் பறித்ததும்
ஃபிரிட்ஜில் இருந்ததுமாக
நாலு வெண்டைக்காய்.
சட்டிக்குள் கரண்டியை விட்டு
கன்னியப்பன் வெகுநேரம் தேடினார்.
ஒன்று மாட்டியது.
அதை மோனிஷாவின் தட்டில் வைத்துவிட்டு
மறுபடி தேடினார்.