ஆறரை மணி நேரம்

போன வருஷம் எடுத்த விசாவில்
பதினோரு நாள் மிச்சமிருந்தது.
அதை நம்பித்தான் வெளியே வந்தேன்.

ரயிலில் பத்தே நிமிஷம். ஜூரிச்.
ஆறு பிராங்க் காப்பி
ரூபாயில் பெருக்கி முடிப்பதற்குள்
ஆறிவிட்டது.

லிண்டன்ஹோஃப் மேட்டில்
தரையே சதுரங்கப் பலகை,
முழங்கால் உயரக் குதிரைகள்.
எதிராளி கிடைக்காமல் நின்ற ஒருவர்
என்னைப் பார்த்ததும் கறுப்பைக் காட்டினார்.
உர்ஸ் என்பது பெயர்;
மற்றதெதுவும் புரியவில்லை.

ஆடி இருபது வருஷம் ஆகிறது.
ஆனாலும் யானையை
இரண்டு கையாலும் தூக்கி வைத்தபோது
ஆபீசில் ஒருநாளும் வராத தைரியம்.
ஒவ்வொரு காய் நகர்த்தலுக்கும் நடுவே
நான் கடிகாரம் பார்த்தேன்,
அவர் மேகம் பார்த்தார்.

மூன்று ஐம்பதுக்கு ரயில். ஆட்டம் பாதியில்.
எந்த மொழியில் மன்னிப்புக் கேட்பதென்று
கைபிசைந்து நிற்கையில்
வெங்காயத்தாள் துருத்திய பையோடு ஒரு பெண்,
பையைக் கீழே வைத்துவிட்டு
என் கட்டத்தில் வந்து நின்றாள்,
பஸ்ஸில் ஒருவர் எழுந்த இடத்தில்
உட்காருவதுபோல.

பாதுகாப்பு வரிசையில்
பெல்ட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது:
ராணியைக் காவலில்லாமல் விட்டு வந்திருக்கிறேன்.

மும்பை விமானம் ஓடுபாதைக்குத் திரும்புகிறது.
இந்நேரம் அவள் கண்டுபிடித்திருப்பாள்.
முன்பின் தெரியாத என்னை
ஜெர்மனில் நாலு வார்த்தை
திட்டியும் இருப்பாள்.

விசாவில் இன்னும்
பத்து நாள் இருக்கிறது.