வரிசையில் கடைசி ஆள்

லுவாங்வா ஆற்றங்கரையில்
விடிகாலை ஐந்தரைக்கு நடை.
முன்னால் துப்பாக்கியோடு காவலர் யோத்தாமு,
அடுத்து வழிகாட்டி மாலிசானி,
பிறகு விருந்தினர் ஆறு பேர்,
கடைசியில் தேநீர்க்காரன் நான்.
கெட்டில் ஒன்று, கோப்பை ஒன்பது,
பிஸ்கட் டப்பா, பால்பவுடர்.
என் முதுகுக்குப் பின்னால் வெறும் காடு.

மாலிசானி விதிகளைச் சொல்கிறார்:
வரிசை கலையக் கூடாது.
எது வந்தாலும்
(இதை மட்டும் இரண்டு முறை)
எது வந்தாலும் ஓடக் கூடாது.
புது பூட்ஸ் பெரியவர் சிரிக்கிறார்,
இந்த முழங்காலை வைத்துக்கொண்டு
நான் எங்கே ஓட!

கழுதைப்புலியின் எச்சம்
சுண்ணாம்புக் கட்டியாய் வெளுத்திருக்க
அதற்கும் ஆறு படம்.
மழையில் மிதித்து வெயிலில் இறுகிய கரிசலில்
நீர்யானைத் தடங்கள்,
ஒவ்வொன்றும் களி கிண்டும் சட்டி அகலம்.
நான் அவற்றில் கால் வைக்காமல் நடக்கிறேன்,
கோப்பைகள் குலுங்கும் என்பதால்.

நேற்றிரவு தூக்கமில்லை.
யானைச் சாணத்தில் மிளகாய்த்தூள் பிசைந்து
காயவைத்த கட்டிகளைக் கொளுத்தி
எங்கள் குதிரைச் சுற்றி வைத்தேன்.
மனைவி திசௌகே சட்டி மூடியைத் தட்டத் தட்ட
அவள் அசரவில்லை,
இடது காது கிழிந்தவள்,
சட்டைப்பையில் கைவிடுவது போல
கூரைக்குள் துதிக்கையை விட்டு
மக்காச்சோளம் எடுத்துக்கொண்டிருந்தாள்.
கங்கை அள்ளி எறிந்தேன்.
என் பிள்ளைகள் கேட்கக் கூடாத சொற்களையும்.

மாலிசானியின் இரண்டு விரல் மேலே எழ
வரிசை நின்றது.
முள்மரத்தடியில், நாற்பதடியில்,
அதே காது.

துதிக்கை உயர்ந்து
முதல் ஆளிலிருந்து மோந்து வந்தது:
துப்பாக்கி எண்ணெய், வெயிலுக்குப் பூசிய களிம்பு,
சவரச் சோப்பு, யாருடைய பயமோ,
பிஸ்கட்.
என்னிடம் வந்து நின்றது.
சீருடைச் சட்டை எனக்கு ஒன்றுதான்.
இரவும் அதைத்தான் போட்டிருந்தேன்.

விதியைச் சொன்னவருக்கோ
கேட்டவர்களுக்கோ அல்ல,
ஓடத் தோன்றியது எனக்கு.
கூடையில் ஒன்பது கோப்பையும்
பல்லாய்க் கிடுகிடுத்தன.
வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்,
அழும் பிள்ளையை அணைப்பது போல.

எவ்வளவு நேரமோ.
காதை ஒருமுறை விசிறிப் புழுதி கிளப்பி
அவள் திரும்பிப் போனாள்.

பிறகு ஒரே கட்டிப்பிடிப்பு.
ஒரு பெண் அழுதாள்,
நேராக என் கண்ணைப் பார்த்தது, என்று.
நான் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டினேன்.
பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டுப்
புருவம் தூக்கினார்:
என்ன போடுகிறீர்கள் இதில்?
லேசாகக் காரமாக இருக்கிறதே, அருமை!
இஞ்சி, என்றேன்
விரல்களைச் சட்டையில் துடைத்தபடி.

எங்கே போகிறது அது, என்று கேட்டார்கள்.
தண்ணீர் குடிக்க, என்றார் மாலிசானி.
ஆறு எங்களுக்கு வலப்புறம்.
அவள் போனது இடப்புறம்.
அவர் என்னைப் பார்க்கவில்லை.
நான் கோப்பைகளைக் கழுவி
எண்ணி அடுக்கினேன்,
ஒன்பதும் இருந்தன.