ரசீது அளவு வெள்ளை

அஸ்தம்பட்டியில்
ஏற்காடு பஸ் ஒரு நிமிஷம் மூச்சு வாங்கும் இடத்தில்
என் ஜெராக்ஸ் கடை.
பக்கம் ஒரு ரூபாய்.

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வந்தார் மாரப்பன்,
கொலுசுப் பட்டறைக்காரர்.
மகளின் நுழைவுத்தேர்வு மெட்டீரியல், பதினாறு பக்கம்.
ஒவ்வொன்றின் மூலையிலும் ஊதா முத்திரை:
வெளியாருக்குத் தரக் கூடாது.

"நான் வெளியாளுங்களா?"

ஒண்ணேகால் லட்சம் கட்டியவர்.
என்ன நடத்துறீங்க என்று கேட்டதற்கு
மார்க் வரும்போது பாருங்கள் என்றார்களாம்.
பதினோராம் வகுப்புப் புத்தகம்
அட்டை போட்டதோடு சரி,
பாப்பா இன்னும் பிரிக்கவில்லையாம்.

மூடியைத் திறந்தேன்.
ஒளிச்சேர்க்கைப் பாடத்தின் மீது
பச்சை வெளிச்சம் போய்த் திரும்பியது.
இரண்டு பிரதி வந்து விழுந்ததை அவர் பார்த்துவிட்டார்.
"இன்னொண்ணு?"
கொட்டச்சேட்டுப் பள்ளிக்கு, என்றேன்.
அருள்செல்வி டீச்சர் கேட்டிருந்தார்.
கண்டக்டர் நல்லப்பன் காலை வண்டியில் கொண்டுபோவார்.

கத்துவார் என்று நினைத்தேன்.
சட்டைப்பையில் இருந்து ஃபீஸ் ரசீதை எடுத்து
முத்திரை மேல் வைத்து அழுத்திப் பிடித்தார்,
நகத்திடுக்கில் வெள்ளிப்பொடி.
"இப்ப போடுங்க."
அளவு சரியாக இருந்தது.

பத்து நாள் கழித்து
இருபது கொண்டை ஊசி இறங்கி
ஒரே ஒரு தாள் திரும்பி வந்தது.
ரசீது மறைத்த வெள்ளையில் பென்சில் எழுத்து:
எங்க காப்பிச் செடியில அடி இலையெல்லாம்
நரம்பு மட்டும் பச்சை, நடுவுல மஞ்சள்.
இது எந்தக் கேள்வியில வரும்?
பூவரசி, பதினொண்ணு.

நூற்று அறுபது கேள்விகளில் அது இல்லை.

மறுநாள் மாரப்பன் மகளே வந்தாள்,
பைக்குள் பழுப்பு அட்டைப் புத்தகம்,
முதுகு அன்றுதான் வளைந்திருக்கிறது.
கனிம ஊட்டத்தில் ஒரு பக்கம்.
"இதையும் சேர்த்து அனுப்புங்கண்ணா."
ஓரத்தில் அவள் எழுதியிருந்தாள்:
மெக்னீசியம் போதலை போல. உங்க டீச்சரிடமும் கேளு.

மெக்னீசியம்.
இந்த ஊரில் வெள்ளைக் கரட்டை வெட்டி வெட்டி
லாரி லாரியாக எங்கெங்கோ அனுப்புகிறோமே
அதிலேயும் இருப்பது.

ஒரு ரூபாய், என்றேன்.
கொடுத்தாள்.