ஏழடி இரண்டங்குலம்

பனிக்கன்குளத்தில் பனி கிடையாது.
யானை பிடித்த எவனோ ஒருவனின் பெயர் அது.
இதை உன் முதலாளிக்கு
எந்தப் பாஷையில் சொன்னாயடா, நிமலரூபன்?

"இஞ்ச குளம் மலைக்கு மேலயக்கா.
வெட்டி, கறுப்பு றப்பர் விரிச்சு,
ஆத்துத் தண்ணியை ஏத்தி வைக்கிறாங்கள்.
ராவில அதைப் பீரங்கியால அடிச்சுப்
பனியாக்கிறதுதான் என்ர வேலை."

பீரங்கி என்ற சொல்லில்
இருவரும் கொஞ்சம் நின்றோம்.
பிறகு நீதான் சிரித்தாய்.

அந்தப் பனியில்தான் காசு வந்தது.
துருசுக்குப் பூசிய கிறீஸ்கூட
அதில் வாங்கியது. மறைக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு விடியல்,
வேலை முடிந்த கையோடு ஊரைக் காட்டினாய்:
நூறு வீடு, நாலு யன்னலில் வெளிச்சம்.
மற்றவை விடுமுறைக்கு மட்டும் விழிக்குமாம்.
றொஸ்வீத்தா என்றொருத்தி
மாட்டுத் தொழுவத்தை அறைகளாக்கி விற்றுவிட்டு
கம்பியில் ஓடும் கதிரைகளில்
ஆட்களை ஏற்றி இறக்குகிறாளாம்.
பிறந்த ஊரில் வாடகை கட்ட ஏலாமல்
அவள் மகன் அடிவாரத்தில்.
அடித்த பனி உருகிய சரிவில்
புல்லும் பிந்தித்தான் வருமாம்.
"பாவம்" என்றேன்.
"ஓம்" என்றாய்.
அந்த ஓமை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

தையில் எங்கள் அலைகரையில்
கயிறு பிடித்து அளந்தார்கள்.
மரக்குடில் பன்னிரண்டு,
பறவை பார்க்க ஒரு கோபுரம்,
மிதக்கும் படகுத்துறை.
படகு தரை தட்டாமலிருக்க
ஆண்டு முழுக்கக் குளத்தில்
ஏழடி நிற்க வேண்டுமாம்.

கமக்காரர் கூட்டத்துக்கு வந்த பொடியன்
மரியாதையானவன்.
தேத்தண்ணிக்குப் பணிசும் கொண்டுவந்தான்.
பங்காளர் பட்டியலில் ஆறாவது பெயரை
அவன் வாசித்தபோது
கணக்குக் கொப்பியிலிருந்து
நான் தலை நிமிரவில்லை.
அப்பாவின் முதலெழுத்தை
அவன் பிழையாக உச்சரித்தான்.

ஏழடி நின்றால் சிறுபோகம் இல்லை.
இது கணக்கு, கோபமில்லை.
நூற்றெட்டு ஏக்கர்;
மகிழ்ராசா குத்தகைக்குச் செய்கிற
உன் இரண்டும் அதற்குள்.

நேற்று எடுத்தாய்.
பீரங்கிகளைக் கழுவிப்
படங்கு போர்த்துகிற காலமாம் அங்கே.
"அக்கா, குளத்தில இப்ப எவ்வளவு?"
ஏழடி இரண்டங்குலம்.
"நல்லது" என்றாய்.
எதற்கு நல்லதென்று
நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

செவ்வாய் காலை ஆறு மணி.
முதல் தண்ணீர் முறை
வாய்க்கால் தலைமாட்டுக் காணிக்கு,
அதாவது உனக்கு.
கூட்டம் இன்னும் முடிவெடுக்கவில்லை.
துருசுத் திறப்பு என் கைப்பையில்,
உன் கிறீஸ் மணத்தோடு.