தாக்கூ

புதன், நான்கு முதல் ஏழு வரை.
சனி முழுநாள்.
இருவரும் கையெழுத்துப் போட்ட காகிதம்.

மரியேலா வாசலில் நின்று அவனை நீட்டுகிறாள்.
கூடவே ஒரு பை:
மாற்றுக் கால்சட்டை, வாழைப்பழம், மூக்குத் துடைக்கும் துணி.
"பத்திரம்" என்று இப்போதெல்லாம் சொல்வதில்லை.
அதுவே பெரிய முன்னேற்றம்.

மோன்தேவிதேயோவின் ஜூலைக் காற்று
ஆற்றிலிருந்து வந்து காதைப் பிடித்துத் திருகுகிறது.
அக்கரை தெரியாத தண்ணீர்.
ஆறுதான் என்கிறேன்.
நம்பாத முகத்தோடு பார்க்கிறான் யமாந்தூ,
இருபது மாதம்.

கக்கத்தில் தெர்மாஸ்.
ஒரு கையில் மாத்தேக் குடுவை, மறு கையில் அவன் கை.
மூன்றாவது கை ஒன்றிருந்தால்
மூக்கைத் துடைத்துவிடலாம்.

சறுக்குமரத்தில் நேற்றைய மழை.
சட்டைக் கையால் துடைத்துக் காய வைத்தேன்.
வேண்டாமாம்.
ஊஞ்சல், வேண்டாம்.
மணலில் நின்று கையை உயர்த்தி
"தாக்கூ" என்றான்.

தண்ணீரா?
பழமா?
அந்த நாயா, அந்த நாயின் பந்தா?
பிறர் வீட்டுக் கதவில்
சாவிக்கொத்தை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பவன் மாதிரி
பூங்காவில் இருந்த எல்லாவற்றையும் காட்டினேன்.
தாக்கூ. தாக்கூ.
முகம் சிவந்து, உட்கார்ந்து, பிறகு படுத்து,
தலைமுடியெல்லாம் மணல்.
பெஞ்சில் இருந்த பெண்கள்
பார்க்காததுபோல் இருந்தார்கள்,
அவ்வளவு மரியாதையாக.

ஐந்து மணி விட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒருத்தி
வெள்ளை அங்கி, கழுத்தில் அவிழ்ந்த நீல நாடா,
என் எதிரே வந்து நின்றாள்.
"அவனுக்குத் தாக்கூ வேணும்."
மந்தமான மாணவனுக்குச் சொல்லும் குரல்.
எது தாக்கூ என்றேன்.
சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

கழிப்பறைக்குப் பின்னால்,
தரையில் ஓர் இரும்பு மூடி.
ஒரு மூலை சரியாக உட்காராதது.
அவன் எழுந்து ஓடிவந்து ஏறினான்.
மிதித்தால் தா.
எடுத்தால் கூ.
தா கூ தா கூ தா கூ
கண்ணீர் காயாமலே சிரிப்பு.

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள் நாடாக்காரி.
எண்ணெய்ச் சட்டியின் முன்னிருந்து சுல்மாவும் கத்தினாள்,
மாவை வீசிப் பொரித்தபடி:
"திங்கக்கிழமை நூறு தடவை மிதிச்சான், எண்ணினேன்!"

திங்கட்கிழமை.
இந்தப் பூங்காவுக்குத்
திங்கட்கிழமை உண்டென்று
எனக்குத் தோன்றியதே இல்லை.
ஏழு மணிக்கு நான் திரும்பியதும்
எல்லாவற்றையும் சுருட்டி
யாரோ எடுத்து வைத்துவிடுவார்கள் என்பதுபோல
இருந்துவிட்டேன்.
இங்கே அவனுக்கு ஒரு சொல் இருக்கிறது.
சொல்லைப் புரிந்த ஊர் இருக்கிறது.
அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் நாய்க்காரர்கூட இருக்கிறார்,
அவர் பெயர் எனக்குத் தெரியாது.

நானும் ஏறி மிதித்தேன்.
எண்பத்து நான்கு கிலோ.
மூடி வாயே திறக்கவில்லை.
அழுந்தி, ஊமையாய்க் கிடந்தது.
முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்து
என்னைத் தள்ளி இறக்கினான் யமாந்தூ.
இறங்கினேன்.
ஒரு பொரித்த அப்பம் வாங்கி மூவரும் பிய்த்துத் தின்றோம்.
பெரிய துண்டு நாடாக்காரிக்கு.

விளக்கு எரிந்தது. மாத்தே ஆறிப்போயிருந்தது.
வழியெல்லாம் சாக்கடை மூடி, குழாய் மூடி, மின்வாரிய மூடி
ஒன்று விடாமல் சோதித்தான்.
எதுவும் தாக்கூ இல்லை.

வாசலில் மரியேலா அவன் தலையைத் தட்டி
மணலை உதறினாள்.
தூக்கக் கண்ணோடு அவள் தோளில் சொன்னான்:
தாக்கூ.
"ஒரு மாசமா இதேதான்.
என்னன்னே புரியல.
பக்கத்து வீட்டு ஒதாலிஸ்கிட்ட விட்டுட்டு
வேலைக்குப் போறேன், அவகிட்ட கேக்கணும்" என்றாள்.

எனக்குத் தெரியும் என்று
நாக்கு நுனிவரை வந்தது.

"சனிக்கிழமை சொல்றேன்"
என்றேன்.

படியிறங்கும்போது
பூட்ஸிலிருந்து மணல்
நெறுநெறுத்தது.
சனிக்கிழமை மழை என்றார்கள்.