எடை இறங்கிய பிறகு

பனிக்கு முன்பே சாலைக்கு உப்பு வந்துவிட்டது.
கொக்கொலா நகரத்துக் கார்களுக்கெல்லாம் அடியில்
அது மெல்லத் தொடங்கியிருக்கும்.
என் வோல்வோவின் அடியில்
போன வருடத்து உப்பே இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

இடது முன்சக்கரம். கீழ் ஆர்ம். மூன்று போல்ட்.
இரண்டு வந்துவிட்டன.
மூன்றாவது, அடிமேல் அடி அடித்தும்
நான் அம்மி இல்லையே என்று உட்கார்ந்திருந்தது.
எண்ணெய் விட்டேன், காப்பி குடித்தேன்,
நெருப்பில் சிவக்க வைத்தேன்,
ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி
என் அறுபத்தெட்டுக் கிலோவையும் தொங்கவிட்டேன்.
ஒரு சத்தம்.
உடைந்தது போல்ட்டா தோளா என்று தெரிய
ஒரு நொடி ஆனது.
எதுவும் உடையவில்லை. சுழன்றது.

ஏப்ரலில் இதை இறுக்கியவளும் நான்தான்.
கார் ஸ்டாண்டில், சக்கரம் அந்தரத்தில்,
ஆர்ம் தொங்க, தொங்கியபடியே
பல்லைக் கடித்துக்கொண்டு.
எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்று
யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.
விவாகரத்து முடிந்த வசந்தம் அது.
எல்லாவற்றையும் அப்படித்தான் இறுக்கினேன்,
வெள்ளரி ஊறுகாய் ஜாடியின் மூடி உட்பட.

ஆகஸ்டில் முனகல்.
வேகத்தடை ஏறும்போதெல்லாம்
பூட்டிக் கிடந்த வீட்டின் கதவுபோல.
ஆய்வு நிலையத்தில், சட்டையில் ஹென்னு என்று
பெயர் தைத்திருந்த ஒருவர்
நெம்புகோலை விட்டு அசைத்துக் காட்டினார்.
ரப்பர் புஷ் கிழிந்திருந்தது.
"தொங்கவிட்டு இறுக்கினீர்களா?"
குற்றச்சாட்டு இல்லை.
அங்கே மழையா என்று கேட்பதுபோல.

எந்த நிலையில் பிடித்தோமோ
அதுதான் ரப்பருக்குச் சொந்த ஊர்.
தொங்கும்போது பிடித்தால்
கார் தரையில் நிற்கிற நேரமெல்லாம்
அது முறுக்கிக்கொண்டே நிற்கும்,
பள்ளமில்லாத சாலையிலும்,
யாரும் ஓட்டாத இரவிலும்.

இம்முறை புது போல்ட், புது நட்டு,
ஸ்ப்ரிங்கும் புதிது.
முதல் சுற்றுகள் விரலால் மட்டும்:
விரலுக்கு இணங்காத மரையை
ஸ்பேனரிடம் ஒப்படைக்கக் கூடாது.
(மரை கழன்றவள் என்று என் நாத்தனார்
யாரிடமோ சொன்னாளாம். தேய்த்துப் பார்த்தேன்,
மரையெல்லாம் நன்றாகவே இருக்கிறது.)

கழற்றும் முன்பே அளந்து
மட்கார்டில் சாக்பீஸால் எழுதியிருந்தேன்,
சக்கர நடுவிலிருந்து விளிம்பு வரை: 36.5.
அந்த உயரத்துக்கு ஜாக்கியால் தூக்கி, இறுக்கி,
சாப்பிடப் போய்விடலாம்.
ஜாக்கியின் பிடியில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.
அது தளர்ந்த ஸ்ப்ரிங்கின் அளவு.

போல்ட்டை அரையிறுக்கத்தில் விட்டு
சக்கரம் மாட்டி, தரைக்கு இறக்கி,
முன்னும் பின்னும் உருட்டி,
பானெட்டில் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன்.
38.
ஒன்றரை சென்டிமீட்டர் கூனிப்போய்
இத்தனை வருடம் ஓடியிருக்கிறது.
சாக்பீஸை நம்பியிருந்தால்
இப்போது இல்லாத ஒரு காருக்கு
இறுக்கியிருப்பேன்.

நான்கு சக்கரமும் பலகைமேல் ஏற,
முழு எடையும் கால்களில் இறங்க,
அடியில் ஊர்ந்தேன்.
ரொட்டி லாரி ஓட்டும் தைஸ்தோவின் டார்க் ரெஞ்ச்.
தொண்ணூறு. க்ளிக்.
அதற்குமேல் கால் சுற்று, வெள்ளைக் கோடு வெள்ளைக் கோட்டுக்கு.
இன்னும் ஒரே ஒரு இழுப்பு என்று
தோள் கேட்டது.
தோளுக்கு எப்போதும் அது வேண்டும்.
ரெஞ்சைத் தரையில் வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அங்கேயே படுத்திருந்தேன்,
காருக்கும் சிமெண்டுக்கும் நடுவில், மூக்கில் துரு.

ரெஞ்சை அடி எண்ணுக்கு இறக்கித் திருப்பிக் கொடுத்தேன்.
இல்லாவிட்டால் அதற்குள் இருக்கும் ஸ்ப்ரிங்
சோர்ந்துவிடும் என்பான் தைஸ்தோ.

நூறு கிலோமீட்டர் ஓடியதும்
சக்கர நட்டுகளை மறுபடி பார்க்க வேண்டும்.
கலாயோக்கி போய்த் திரும்பினால் கணக்குக்கு மேலேயே வரும்.
அங்கே எனக்கு யாரும் இல்லை.
கடல் இருக்கிறது,
உறைய இன்னும் நாள் இருக்கிறது.