முக்கால் இஞ்சு

பங்கு பிரித்த அன்று
அண்ணனுக்குத் தோட்டம்,
எனக்குத் திருப்பூரில்
அனுப்பர்பாளையம் பக்கம் ஆறு வீடு.
"மாசமானா வாடகை வருது, உனக்கென்னொ" என்றார்கள்.
வாடகை வரும்.
கூடவே மோட்டார் காயில் கருகும்,
மொட்டை மாடி ஓடு வெடிக்கும்,
படிக்கட்டின் அடிவயிற்றில் கம்பி ஊதி
சிமெண்டைத் துப்பும்.
பனியன் ஆர்டர் நின்ற மாதம்
ஆறில் இரண்டு கதவில் பூட்டுத் தொங்கும்.
சொத்துவரி மட்டும்
ஒரு நாளும் ஊருக்குப் போனதில்லை.

இந்த வைகாசியில் குழாய் மாற்றினேன்.
கூட்டுறவு வங்கியில்
வளையல் நாலு, ஆரம் ஒன்று.
குப்புராஜ் சுவரைக் கொத்தினான்.
தொண்ணூற்று இரண்டில் அப்பா போட்ட இரும்புக் குழாய்.
ஒரு முழம் அறுத்துக் கையில் கொடுத்து
"ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க்கா" என்றான்.

முக்கால் இஞ்சுக் குழாய்க்குள்
வெள்ளையும் பழுப்புமாய்
வளையத்துக்குள் வளையமாய்
போர்த் தண்ணீரின் உப்பு.
நடுவில் ஒரு வெளிச்சம்.
பென்சில் நுழையாது.
பேனா ரீஃபில் நுழையலாம்.

அந்த ரீஃபில் வழியாகத்தான் பதினோரு வருடம்
இரண்டாம் மாடிப் பின்வீட்டு வேலுத்தாய்
குளித்தாள், துவைத்தாள்,
இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள்.
ஐந்தாம் தேதி வாடகையோடு
ஒரு வாக்கியமும் தருவாள்:
"மேல தண்ணி ஏறலக்கா."
நானும் ஒன்றையே திருப்பித் தருவேன்:
"கீழ் வீட்டுல நல்லா வருதே?"
ஒரு தடவை வாஷர் மாற்றினேன்.
ஒரு தடவை டேங்க் கழுவினேன்.
ஒரு தடவை, எல்லார் முன்னும், சத்தமாய்,
"வாளி வாளியாத் தொவைச்சா எங்கிருந்து வரும்" என்றேன்.

நைட் ஷிப்ட் முடிந்து ஒரு மணிக்கு வந்து
குழாய்க்கு அடியில் குடத்தை வைத்துவிட்டு
உட்கார்ந்தபடியே தூங்குவாளாம்.
நிறையும்போது சத்தம் மாறும்,
அதில் விழித்துக்கொள்வாளாம்.
கீழ்வீட்டு ஒடியாப் பையன் பிரபாத் சொன்னான்,
சுவர் உடைந்த பிறகு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
பதினோரு வருட உப்பு என்னுடையது.
நன்றாகவே நினைத்திருப்பாள்.

இப்போது பிளாஸ்டிக் குழாய், வெளிச்சுவரோடு,
வீட்டுக்கு வீடு தனி வால்வு.
"இதுலயும் உப்புப் புடிக்குமா?"
"புடிக்குங்க்கா. நீங்க கடன் கட்டி முடிக்கற வரைக்கும் தாங்கும்."
குப்புராஜ் சிரிக்காமல்தான் சொன்னான்.

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
ஆறு வீட்டுக்கும் ஐந்நூறு ஏற்றினால்
வட்டியோடு நாலு வருடம்.
கணக்கு நோட்டோடு மேலே ஏறினேன்.
வேலுத்தாய் குழாயைத் திறந்தாள்.
தண்ணீர் வாளியின் அடியில் அறைந்து எழும்பி
என் சேலையை முழங்கால்வரை நனைத்தது.
இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தோம்.
வாளி நிறைந்தது. வழிந்தது.
அவள் மூடவில்லை.
மோட்டார், கரண்டு என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

"ஐந்நூறு" என்றேன்.
"அந்தப் பதினோரு வருசத்துக்கு
எம்புட்டுக்கா கழிப்பீங்க?" என்றாள்.
கோபமில்லை.
சந்தையில் கத்தரிக்காய் கேட்கிற குரல்.

முந்நூறில் நின்றது.
அதுவும் ஆடி கழிந்துதானாம்.
மற்ற ஐந்து வீட்டுக்கும்
அதற்குள் முந்நூறு தெரிந்துவிட்டது.

பழைய குழாய்களை டெம்போவில் ஏற்றிப்போனேன்.
இரும்புக் கடைக்காரர் தராசில் வைக்கவில்லை.
ஒவ்வொன்றாய்க் கல்லில் தட்டினார்.
வெள்ளை வெள்ளையாய்ப் பாளம் உதிர்ந்தது.
"உப்புக்கெல்லாம் காசு கெடையாதுங்" என்றார்.

அடுத்தது படிக்கட்டு.
கம்மல் இன்னும் காதில்தான் இருக்கிறது.